மண்புறாவும் சேனைத் துவக்கும்

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, சீனத்து ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே, வானிற் பாயும் மண்தட்டைச் சுட்டு உடைக்கும் டிராப் போட்டியில் இந்திய ஆடவர் அணி தங்கப் பதக்கம் பெற்றபோது, அவ்வணியின் மூவருள் ஒருவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச வம்சத்திற் பிறந்த பிரித்விராஜ் என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெருமையோடு எடுத்தெழுதின. அந்தப் பெருமையிற் பங்குகொள்ள எனக்கு யாதோர் உரிமையும் இல்லை. நான் இலங்கையின் கதிரவெளியான், எங்களூரில் அரண்மனையும் இல்லை, அரண்மனைத் துவக்கும் இல்லை. ஆயினும் அந்த விளையாட்டைப் பற்றி வாசிக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்ததன் பயனாக என் உள்ளத்தில் ஓர் அபிப்பிராயம் உருவாகி உறுதிப்பட்டிருக்கிறது: பயிர்க்காவலுக்கென்று துவக்கு உரிமம் வழங்கப்படும் இந்த நாட்டில், அவ்வுரிமத்தைப் பெறுகின்ற ஒவ்வொருவரும் மண்புறா சுடும் கழகமொன்றில் அங்கத்தவராகச் சேர்ந்து பழகிய பின்னரே துவக்கைத் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட வேண்டும் என்பதே அது. இதைக் கேட்டு நகைப்பவரும் உண்டு, கோபிப்பவரும் உண்டு. இரு சாராருக்கும் விடை சொல்லுமுன் அந்த விளையாட்டு இன்ன தன்மையது என்பதைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகின்றது.

மண்புறா இப்போது மண்ணாற் செய்யப்படுவதில்லை. சுண்ணாம்புக்கல் மாவையும் கீலையும் குழைத்து அச்சில் வார்த்தெடுத்த தட்டு அது. 110 மில்லிமீற்றர் குறுக்களவும் 105 கிராம் நிறையும் உடையது. கையில் எடுத்துப் பார்த்தால் கவிழ்த்து வைத்த தேநீர்ப் பீரிசு போல இருக்கும். கல்லில் தவறி விழுந்தால் நொறுங்கிவிடக்கூடிய இத்தட்டு, எந்திரத்தின் இரும்புக் கரம் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியெறியும்போது மாத்திரம் உடையாதிருக்கும்படி அளவாக வார்க்கப்பட்டிருக்கிறது. ஒலிம்பிக் முறைப்படி ஆடும் களத்தில் சுடுவோர் நிற்பதற்கு ஐந்து நிலைகளும், அவற்றுக்கு 15 மீற்றர் முன்னால் நிலத்தில் வெட்டிய அகழியினுள் நிலைக்கு மும்மூன்றாகப் பதினைந்து எந்திரங்களும் உண்டு. சுடுபவர் குரல் கொடுத்த மாத்திரத்தில் மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு பாய்ந்தெழும். எதிலிருந்து, எந்தத் திசையில் என்பது அவருக்குத் தெரியாது. இருபத்தைந்து தட்டுகள் ஒரு சுற்று. அவற்றுள் பத்து இடப்புறம் போகும், பத்து வலப்புறம் போகும், ஐந்து நேரே போகும். பெரிய போட்டிகளில் இத்தகைய சுற்றுகள் ஐந்து ஆடி, 125 தட்டுகளுக்கு எத்தனை உடைந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். தோட்டாவில் இருப்பது 24 கிராம் ஈயச் சன்னம், எண்ணிக்கையிற் சுமார் முந்நூறு.

ஒலிம்பிக் அரங்கின் ஆடம்பரத்தை விடுத்து, ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஒரு சிற்றூரின் புறத்தே, யாரோ ஒரு கமக்காரர் விட்டுக்கொடுத்த மேய்ச்சல் நிலத்தில், விடுமுறை நாட்காலையிற் கூடுகின்ற சாதாரணக் கழகத்தையே நாம் கருத வேண்டும். ஏனெனில் இவ்விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஊதியம் வாங்கும் வீரர் எவரும் அங்கில்லை. பள்ளிக்கூட ஆசிரியர், தச்சர், லொறிச் சாரதி, இளைப்பாறிய தபாலதிபர் என்றிவ்வாறு பலதரப்பட்டோர் கூடி, முறைவைத்துத் தட்டடுக்குகளைச் சுமந்து சென்று எந்திரத்தில் ஏற்றுவதும், புள்ளி எழுதுவதும், புல் வெட்டுவதும், ஆட்டம் முடிந்தபின் களமெங்கும் சிதறிக் கிடக்கும் வெறுங்கோதுகளைக் குனிந்து பொறுக்குவதும் கழகத்தின் நித்திய கருமங்கள். இன்று அதிகம் உடைத்தவரே நாளை அகழிக்குள் தட்டேற்றப் போகிறவர். தவறவிட்டவர்கள் சொல்லும் சமாதானங்களும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியானவை என்று அறிகிறேன்: சூரியன் கண்ணுக்கு நேரே நின்றது, காற்று திடீரென்று தட்டைத் தூக்கிவிட்டது, தோட்டா பழையது, துவக்கின் கட்டை தோளுக்குப் பொருந்தவில்லை. தூண்டிலில் மீன் தப்பியவர் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பழகிய எங்கள் வாவிக்கரை மக்களுக்கு இதிற் புதுமை யாதுமில்லை.

என்னைக் கவர்ந்தது அக்கழகத்தாரின் சாமர்த்தியமன்று, அவர்களின் ஆசாரமே. ஒரு குழுவுக்கு ஆறு பேர். ஐவர் ஐந்து நிலைகளிலும் நிற்க, ஆறாமவர் முதல் நிலைக்குப் பின்னாற் காத்திருப்பார். நிலையில் நிற்கும்போதன்றி வேறெப்போதும் துவக்கில் தோட்டா இருத்தலாகாது. நடக்கும்போதும், பேசும்போதும், தேநீர் அருந்தும்போதும் துவக்கு மடித்துத் திறந்தபடியே இருத்தல் வேண்டும். அப்படித் திறந்திருந்தால் குழாயினூடே அப்பாலுள்ள வெளிச்சம் தெரிவதால், அது வெறுமையானது என்பதை எதிரே வருகின்ற எவரும் கேளாமலே கண்டுகொள்வர். தம் முறை வந்தவர் தோட்டாவை இட்டு மூடி, தோளில் அணைத்து, கன்னத்தைக் கட்டையிற் பதித்துக் குரல் கொடுக்கிறார். வெடி தீர்ந்ததும் மடித்துத் திறக்க, புகையோடு கோது துள்ளி விழுகிறது. அதுவரையில் மற்றை ஐவரும் ஒரு சொல்லும் பேசாது, குழாயைத் திசை திருப்பாது நிற்கிறார்கள். ஒரு துண்டாவது கண்ணுக்குத் தெரியும்படி சிதறினால்தான் தட்டு உடைந்ததாகக் கணக்கு. தூசு மாத்திரம் எழுந்தால் அது தவறியதே ஆகும். எவ்வளவு பெரிய மனிதராயினும் இந்த ஆசாரத்தில் ஒன்றை மீறினால் அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார் என்பதும், அவரை விலக்குகிறவர் வயதில் இளைய ஒரு கடைச் சிப்பந்தியாகவும் இருக்கலாம் என்பதும் இக்கழகங்களின் சம்பிரதாயமாகும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் உண்டானதன்று. ஆதியில் இவ்விளையாட்டில் உயிருள்ள புறாக்களையே பெட்டியில் அடைத்துவைத்து, கயிற்றை இழுத்து மூடியைத் திறந்து, வெளிப்பட்டுப் பறந்த கணத்திற் சுட்டு வீழ்த்தினார்கள். இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளிற் சுடுபவர் கொடுக்கும் குரல், ‘இழு’ என்று கயிற்றுக்காரனுக்கு இட்ட அந்தப் பழைய கட்டளையே. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரத்து ஒலிம்பிக் விழாவிலே இவ்விதம் முந்நூறு வரையிலான புறாக்கள் மாண்டன என்றும், இருபத்தொரு புறாக்களைக் கொன்ற பெல்ஜிய நாட்டு லெயோன் த லுண்டன் முதலிடம் பெற்றார் என்றும் சரித்திரம் கூறுகின்றது. அதற்கு முன்னரே அமெரிக்காவில் இதற்கு மாற்றாகக் கண்ணாடிக் குண்டுகளை எறிந்து பார்த்திருந்தார்கள். உடைந்த கண்ணாடி நிலமெங்கும் சிதறி ஆபத்தானது. பின்னர் 1880 இல் சின்சினாட்டி நகரத்து ஜோர்ஜ் லிகௌஸ்கி என்பவர் மண்ணாலான தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிறுவர் சிலர் நீர்ப்பரப்பின்மேற் சிப்பி ஓடுகளைத் தத்தித் தத்திச் செல்லும்படி எறிந்து விளையாடியதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை உதித்ததென்று சொல்வார்கள். அந்த விளையாட்டைப் பனிச்சங்கேணித் துறையில் எறிந்து பழகாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. எங்களுக்குக் காப்புரிமை கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவே. லிகௌஸ்கியின் முதல் தட்டுகள் மிகவும் இறுகச் சுடப்பட்டவையாதலால், சன்னம் பட்டும் உடையாமல் மணிபோல் ஒலித்துப் போய்விட்டனவாம். அதன் பிறகே கீலும் சுண்ணாம்பும் வந்தன. இங்கிலாந்திலே அடைத்துவைத்த பறவைகளை விடுவித்துச் சுடுவது 1921 இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கொலையை நீக்கிவிட்டுக் குறியை மாத்திரம் வைத்துக்கொள்வதற்கு மனித சாதிக்கு இவ்வளவு காலம் சென்றிருக்கிறது.

ஆனால் நமது பாரத கண்டத்திலே இவ்விளையாட்டு வந்து குடியேறிய இடம் சிற்றூர் மேய்ச்சல் நிலமன்று, சமஸ்தானங்களின் தோட்டம். பிகானீர் மகாராஜா கர்ணிசிங் 1960 முதல் 1980 வரையில் ஐந்து ஒலிம்பிக் விழாக்களிற் கலந்துகொண்டவர். 1962 இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். டில்லியிலுள்ள பெரிய சுடுகளம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. 2004 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தட்டுப் போட்டியில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் அப்போது இராணுவ அதிகாரி. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்துபோன புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வாரிசான பிரித்விராஜ் தொண்டைமான், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் வரையில் சென்று, இறுதிச் சுற்றை எட்டாது திரும்பினாலும், தமிழர் எவரும் அதிகம் நடவாத பாதையிலே நெடுந்தூரம் நடந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய கீர்த்தியைக் குறைப்பது என் நோக்கமன்று. அரசகுமாரர்களும் படையதிகாரிகளும் மாத்திரமே பழகக்கூடிய ஒரு வித்தையினால் ஊருக்கு உண்டாகும் நன்மை பத்திரிகைச் செய்தியோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் குறை. துவக்கு அரண்மனையில் மாத்திரம் இருக்கும் பொருளாயின் அது போகட்டும் என்று விட்டுவிடலாம். எங்கள் பக்கத்திலோ அது சேனையிலே இருக்கிறது.

வாகரைக்கும் வெருகலாற்றுக்கும் இடையே கடலையும் காட்டையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு கிடக்கும் எங்கள் கிராமத்தில், மீன்பிடி ஒரு கால், சேனை மறு கால். சோளனும் கச்சானும் பயிரிட்டவன் பயிர் முளைத்த நாளிலிருந்து கண்ணுறங்க முடியாது; பகலிற் குரங்கும் மயிலும், இரவிற் பன்றியும் யானையும் வந்துகொண்டேயிருக்கும். காட்டு விளிம்பிலே பரண் கட்டி, தீ மூட்டி, தகரத்தைத் தட்டி விழித்திருந்த காலத்தில் எங்கள் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக் குழாய்த் துவக்கு ஒன்று இருந்தது. அதனால் அவர் எதையேனும் கொன்றதாக நான் அறியேன். வானத்தை நோக்கி ஒரு வெடி தீர்ப்பார், அவ்வளவோடு சரி. ஆனால் வேலிக் கடப்பண்டை வந்ததும் அவர் நிற்பதையும், தோட்டாவைக் கழற்றி மடியிற் செருகிக்கொள்வதையும், துவக்கை முதலில் அப்பால் நிலத்திற் கிடத்திவிட்டுத் தாம் பிறகு கடப்பதையும் சிறுவனாயிருந்த நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை இன்னும் என் காதில் நிற்கிறது: “கடப்பத் தாண்டக்குள்ள தோட்டா உள்ளுக்கு இருக்கப்படா மனே. துவக்குக்கு நம்மட ஆள், பொறத்தி ஆள் எண்டு ஒண்டும் தெரியா.” இந்த நீதியை அவருக்குக் கற்பித்தவர் அவருடைய தகப்பனார், எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

யுத்தம் மூண்ட எண்பதுகளில் அத்தகைய துவக்குகள் எங்கள் வீடுகளை விட்டு அகன்றன. யார் வந்து வாங்கிச் சென்றார் என்பது ஊருக்கு ஊர் வேறு கதை. துவக்கோடு சேர்ந்து அந்த ஆசாரமும் போயிற்று. அதன்பின் பிறந்து வளர்ந்த ஒரு முழுத் தலைமுறை, துவக்கு என்றால் காவலரணிலும் சீருடையிலும் தொங்கும் பொருளென்றே அறிந்தது. இப்பொழுது பயிர்க்காவலுக்கென்று உரிமம் வேண்டி விண்ணப்பிக்கும் வாலிபருக்குத் துவக்கு கிடைக்கலாம். கடப்பண்டை நிறுத்தித் தோட்டாவைக் கழற்றச் சொல்லும் பெரியப்பா கிடைக்கமாட்டார். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் யாரிடம் துவக்கு இருக்கலாம் என்பதை நூறாண்டுக்கு மேலாகக் கவனித்து வருகிறது; ஆண்டு முடிவுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். அது வேண்டியதே. வைத்திருப்பவன் அதை எப்படிப் பழகுகிறான் என்பதைப் பத்துப் பேர் முன்னிலையிற் பார்த்துத் திருத்துவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்பதுதான் என் வாதம். ஜேர்மனி தேசத்தில் வேட்டை உரிமம் வேண்டுபவர் எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை ஆகியவற்றோடு சுடும் பரீட்சையிலும் தேற வேண்டும். அந்த நாட்டில் யானை இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

யானையை இங்கே பிரஸ்தாபிப்பதற்குக் காரணமுண்டு. 2011 இல் எடுத்த கணக்கின்படி இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் இருந்தன. அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மடிந்த ஆண்டுகளும் உண்டு. அவ்வாறே நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் மடிகின்றனர். யானைகளின் மரணத்துக்குக் காரணமானவற்றுள் மின்கம்பியும், ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடியும், துவக்குச் சூடும் முன்னணியில் நிற்கின்றன. பயிர்க்காவல் துவக்கின் சன்னம் யானையை உடனே வீழ்த்திவிடுவதில்லை. தோலைத் துளைத்து உள்ளே தங்கி, சீழ் கட்டி, வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் அதை வதைக்கும். அப்படி நோவுண்ட யானை அடுத்த முறை வெடியைக் கேட்டு ஓடுவதற்குப் பதிலாக மனிதனை நோக்கி வரவுங் கூடும். இருட்டிலே பயந்துபோய் உருவத்தை நோக்கிச் சுடுபவனிடத்தும், வானத்தை நோக்கி ஒரு வெடி தீர்த்துவிட்டு நிதானமாகக் காத்திருப்பவனிடத்தும் இருப்பது ஒரே துவக்குத்தான். இவற்றையெல்லாம் விடக் கொடியது கட்டுத்துவக்கு. மிருகம் வரும் தடத்திலே கம்பியைக் கட்டி, அது இடறியதும் தானே வெடிக்கும்படி செய்துவிட்டு மனிதன் வீட்டில் உறங்கப் போய்விடுகிறான். விறகுக்கோ தேனுக்கோ காடேறிய அயலான் கால் இழக்கிறான். சுடுபவர் நிலையில் நின்று தம் குரலாற் கேட்டாலொழியத் தட்டும் எழாது, வெடியும் தீராது என்ற அந்தக் கழக விதியைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆளில்லாமல் வெடிக்கும் இந்தக் கட்டுத்துவக்குத்தான்.

இனி, நகைப்பவர்கள் கேட்பதாவது: யானை என்ன, தட்டைப் போல வானிற் பறக்குமா? பன்றியை விரட்டுகிறவனுக்கு மண்புறா எதற்கு? அட்டையில் வட்டம் வரைந்து சுவரில் ஒட்டிச் சுட்டால் ஆகாதா? அசையாத இலக்கு குறிபார்க்கக் கற்பிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு வேண்டியது குறியன்று. தட்டு எழுந்து மறைவதற்குள் கிடைக்கும் இரண்டொரு விநாடியிலே, தன் துவக்கின் வாய் எங்கே போகிறது, தனக்கு இரு பக்கமும் யார் நிற்கிறார், சுடலாமா, விட்டுவிடலாமா என்பதை ஒருவன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தவறினால் அது எல்லோருக்கும் தெரிகிறது, ஏட்டிலும் பதியப்படுகிறது. பரணிலே தனியே இருந்து பதறிச் சுடும் கையை நிதானப்படுத்துவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குப் புலப்படவில்லை. வருஷத்தில் சில தடவை, இருபத்தைந்து தட்டு. அத்தனையையும் தவறவிட்டாலும் உரிமத்தை மறுக்க வேண்டியதில்லை. நடக்கும்போது துவக்கை மூடிக்கொண்டு நடந்தவனுக்கே மறுக்க வேண்டும்.

கோபிப்பவர்களின் வாதம் கனமானது. அதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். 2006 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி எங்கள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே, இடம்பெயர்ந்து வந்து தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுனாமிப் பேரலை வந்து இரண்டாண்டு நிறையுமுன் நேர்ந்தது அது. அந்த ஊரில் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாட்டுக்காக வெடி தீர்ப்போம் என்று ஒருவன் சொன்னால், திருமணத்துக்குக் கொளுத்தும் சீனவெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடும் மூதாட்டிமார் அவனுக்கு என்ன விடை சொல்வார்கள்? ஆகவே அத்தகைய களம் எங்கள் ஊருக்குள் அமைவதை நானும் ஒப்பமாட்டேன். குடிமனைகளுக்கு எட்டாத தூரத்திலே, அயற்கிராமங்கள் கூடி ஒப்பிய இடத்திலே, நாளும் நேரமும் முன்னரே அறிவித்து நடத்தத்தக்க இடம் கிடைத்தாலொழிய வேண்டாம் என்பதே என் கருத்து. அன்றியும், முதற் பாடங்களுக்கு வெடியே வேண்டியதில்லை. நவீன பஞ்சவிளையாட்டில் 2012 இலண்டன் ஒலிம்பிக் தொட்டு ஒளிக்கதிர்க் கைத்துப்பாக்கியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மண்தட்டுக்கும் அதே முறையில் ஒளிக்கதிரால் ஆடும் சாதனங்கள் வந்துவிட்டன. தூக்குவதும் மடிப்பதும் காத்திருப்பதும் நடப்பதும் ஓசையின்றியே கற்கத்தக்கவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்பயிற்சியைச் சீருடை அணிந்தவர்கள் கற்பிக்கலாகாது. தமிழ்க் கிராமத்து வாலிபரை வரிசையில் நிறுத்திச் சுடப் பழக்குகிறார்கள் என்ற காட்சி எவருடைய கைக்குப் போனாலும் கெடுதியாகவே முடியும். அதன் அனுபவம் எங்களுக்குப் போதிய அளவு உண்டு. கமநல சேவை நிலையத்தோடு சேர்ந்த கமக்காரர் அமைப்புகள் தாமே கழகத்தை நடத்தட்டும். பொலிசார் தோட்டாக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே நிற்கட்டும்.

ஈயத்தைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். ஒரு சுற்றில் ஒருவர் தட்டுக்கு ஒரு தோட்டா வீதம் செலவிட்டாலும் 600 கிராம் ஈயம் நிலத்தில் விழுகிறது. அறுவர் குழுவுக்கு 3.6 கிலோகிராம், ஒரு காலையில் பத்துச் சுற்று நடந்தால் 36 கிலோகிராம். அது கரைந்து போவதில்லை; களத்திற்கு அப்பால் இருநூறு மீற்றருக்கு மேலும் சென்று சிதறிக் கிடக்கும். இரைப்பையில் அரைப்பதற்கென்று சிறு கற்களை விழுங்கும் சிறகியும் தாராவும் இந்தச் சன்னத்தைக் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991 இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை முற்றாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி தொடக்கம் ஈரநிலங்களிலும் அவற்றின் அண்மையிலும் ஈயச் சன்னம் சுடுவதைத் தடுத்தது. உயிர்ப்புறாவைக் காப்பதற்கென்று உண்டான விளையாட்டு, வாவியோரத்தில் ஆடப்பட்டால் சிறகியைக் கொல்லும். மாரிகாலத்தில் அந்நிய தேசத்துப் பறவைகள் வந்திறங்கும் உப்பாற்று வாவியின் பக்கத்திலே எவராவது களம் அமைக்கப் புறப்பட்டால், முதலில் எதிர்த்து மனுக் கொடுப்பவன் நானாயிருப்பேன். மேட்டுநிலம், உருக்குச் சன்னம், விழுந்ததை வாரியெடுக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் இல்லாத கழகம் இல்லாமலே போகட்டும்.

செலவு யாருடையது என்று கேட்பது நியாயமே; சேனைக்காரன் கையிற் காசு இருந்தால் அவன் ஏன் பரணில் விழித்திருக்கிறான்? யானையை விரட்டும் வெடியை இலவசமாக வழங்குகின்ற அரசாங்கம், யானை அழித்த பயிருக்கும் யானையால் மாண்ட மனிதருக்கும் நட்டஈடு கொடுக்கின்ற அரசாங்கம், உரிமத்துக்கு இருபத்தைந்து தட்டும் இருபத்தைந்து தோட்டாவும் கொடுப்பதால் வறியதாகிவிடாது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷ நேரம் நாடு முழுவதும் மக்கள் தத்தம் தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணினார்களே, அந்த முயற்சியைக் கேலி செய்தோர் பலர், நான் செய்யவில்லை. ஆனால் எண்ணியாயிற்று, இனிமேல் எண்ணப்பட்டவற்றை எவ்விதம் விரட்டப் போகிறோம் என்பதையும் ஊர்கூடி யோசிக்கலாமல்லவா?

கடைசியாக ஒரு விஷயம். என் நண்பர்கள் சிலர் இதற்காகவே என்னோடு பிணங்குகிறார்கள். கழகத்தின் அங்கத்துவம் பெண்களுக்கும் சமமாக இருத்தல் வேண்டும். தினைப்புனத்திலே தட்டையும் குளிரும் தழலும் கொண்டு கிளியோட்டியவர் பெண்களே என்பது சங்கச் செய்யுள் கற்றவர் யாவரும் அறிந்தது. வெருகலிற் சித்திர வேலாயுதரைத் தொழச் செல்லும் நாம் வள்ளி நாயகியின் தொழில் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் போகிறோம். 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் கலந்து ஆடிய ஸ்கீட் என்னும் மண்தட்டுப் போட்டியிலே, சீனத்துப் பெண்மணி ஷாங் ஷான் ஆண்கள் அனைவரையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அப்போட்டி ஆண்களுக்கு மாத்திரம் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இது யாருடைய குணத்தைக் காட்டுகிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தத்திற் கணவனை இழந்து, தானே காடு வெட்டி, தானே கச்சான் விதைத்து, இரவிலே பிள்ளைகளைக் குடிசையில் விட்டுவிட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு சேனையைக் காக்கும் பெண்கள் வாகரைப் பிரதேசத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கிராமசேவகர்கள் அறிவார்கள். துவக்கு அவர்களில் எவருக்கும் வேண்டாமலே இருக்கலாம். வேண்டுமென்று ஒருத்தி விண்ணப்பித்தால், கச்சேரி மேசையில் அவளுடைய காணிப் பத்திரத்தைப் பார்ப்பவர்கள் வீட்டில் ஆண் துணை யார் என்று கேளாமல், எந்த ஞாயிறு களத்துக்கு வரப்போகிறாய் என்று கேட்கட்டும்.